நகர் கீர்த்தன் நம் தெருவுக்கு வரும்போது: குரு கிரந்த் சாகிபுக்குரிய மரியாதை பற்றிக் கேள்வி பதில்

வைசாகி, குரு நானக் ஜெயந்தி போன்ற சீக்கிய விழாக்கள் நெருங்கினாலே, அப்போது பாடிக்கொண்டே தெருவழியே போகும் நகர் கீர்த்தன் ஊர்வலம் பற்றிச் சீக்கியர் அல்லாத நண்பர்கள் என்னிடம் நிறையக் கேட்பார்கள். அமிர்தசரஸில் பல வருடமாக வாழும் தமிழ்ப்பெண் நான். இங்கே ஒரு குருத்வாராவின் ஊர்வலக் குழுவில் சேவை செய்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். 1708இல் நாந்தேடில் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங், தனக்குப் பிறகு சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபே குரு என்று அறிவித்தார். அன்றிலிருந்து சீக்கியர்கள் அதை உயிருள்ள குருவாகவே நடத்துகிறார்கள். அதன் 1430 பக்கங்களையும் ‘அங்கம்’ என்றே சொல்வார்கள்.

டெல்லியிலிருந்து ஒரு கடைக்காரர்: அக்கா, எங்கள் கடை வாசல் வழியாக நகர் கீர்த்தன் போகும். நம் ஊரில் சாமி புறப்பாடு வரும்போது செய்வது போல் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டலாமா?

உங்கள் பக்தி புரிகிறது. ஆனால் தேங்காயும் கற்பூரமும் வேண்டாம். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்ற ‘ரஹித் மரியாதா’ என்ற நடைமுறை நூல், தீபம் காட்டி மணி அடித்து ஆரத்தி எடுப்பதும் படையல் வைப்பதும் குருவின் நெறிக்கு ஒத்ததல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. வாசனைக்காகப் பூவும் ஊதுபத்தியும் வைக்கத் தடை இல்லை. அதனால் பூ தூவுங்கள். அதைவிடப் பெரிய உதவி, முந்தின நாளே கடை முன்னால் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பது. முன்னே வாளேந்தி வரும் பஞ்ச் பியாரே (‘அன்புக்குரிய ஐவர்’) ஐவரும் வெறுங்காலில் நடப்பார்கள். ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்தாலும் அவர்கள் பாதத்தில்தான் ஏறும். பால்கி, அதாவது குரு வீற்றிருக்கும் பல்லக்கு, அருகில் வரும்போது செருப்பைக் கழற்றி, தலையை மூடி, கைகூப்பி நில்லுங்கள். கடையில் பீடி, சிகரெட் விற்றால் அந்த நேரம் மட்டுமாவது உள்ளே எடுத்து வையுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: முதல் மாடியில் நின்று பார்த்தால் குருவுக்கு மேலே நிற்பது போல் ஆகிவிடாதா?

சங்கத்தில், அதாவது குருவின் முன்னால் கூடும் சபையில், எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். தெருவில் அந்த அளவு கறார் கிடையாது. இங்கே மாடிகளிலிருந்து பூ தூவுவதை எப்போதும் பார்க்கலாம். முடிந்தவர்கள் கீழே இறங்கி வாருங்கள். முட்டி வலிக்கும் பாட்டியை யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள்.

கனடா, பிராம்ப்டனிலிருந்து: எங்கள் ஊரில் பல பண்பாடுகளின் விழா நடத்துகிறோம். சீக்கியர் அரங்கில் குரு கிரந்த் சாகிபை வைத்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று ஒரு யோசனை. எப்படி ஏற்பாடு செய்வது?

வைக்காதீர்கள் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

குரு கிரந்த் சாகிப் ஓர் இடத்துக்கு வருகிறார் என்றால் அங்கே மேலே விதானம் வேண்டும். உயர்ந்த பீடம், சுத்தமான ருமாலாத் துணிகள், சாமரம் வீச ஒருவர், நூலை வாசிக்கும் பொறுப்பிலுள்ள கிரந்தி எல்லாம் வேண்டும். காலையில் அர்தாஸ் பிரார்த்தனையோடு ‘பிரகாஷ்’ செய்து திறந்து, மாலையில் ‘சுகாசன்’ செய்து மூடி, தனி அறையில் வைக்க வேண்டும். கூடாரத்துக்குள் வரும் ஒவ்வொருவரும் தலையை மூடி, செருப்பைக் கழற்ற வேண்டும். உங்கள் விழாவில் பக்கத்து அரங்கில் பீர் விற்பார்கள், எதிரே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும், குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடி வருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, விழா என்றால் அப்படித்தான் இருக்கும். அந்தச் சூழலுக்குள் குருவை அழைத்துவிட்டு, அப்புறம் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் அதட்டுவது வருபவர்களுக்கும் சங்கடம், குருவுக்கும் மரியாதை இல்லை.

அரங்கில் தலைப்பாகை கட்டிக் காட்டுங்கள், நம் சிலம்பம் போன்ற கட்கா ஆடிக் காட்டுங்கள், எல்லோருக்கும் லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாடு போடுங்கள், குர்முகி எழுத்தில் அவரவர் பெயரை எழுதிக் கொடுங்கள். குரு கிரந்த் சாகிபைப் பார்க்க ஆசைப்படுபவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே யாருக்கும் தடை இல்லை.

கனடா, சர்ரேயிலிருந்து ஒரு பொறியாளர்: வைசாகி ஊர்வலத்துக்குப் பால்கி வாகனம் அலங்கரிக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

நெருப்பு, மழை, காற்று. இந்த வரிசையில்தான் நான் பயப்படுவேன். குருத்வாராக்களிலேயே மின்கசிவால் தீப்பிடித்துச் சரூப்கள் (குரு கிரந்த் சாகிபின் பிரதிகளை அப்படிச் சொல்வார்கள்) சேதமான சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வண்டியிலோ ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, பட்டுத்துணி, காய்ந்த பூ எல்லாம் ஒரே இடத்தில். ஒயரிங்கை நீங்களே பாருங்கள். ஜெனரேட்டரைப் பால்கி வண்டியிலிருந்து பிரித்து வேறு வண்டியில் வையுங்கள். தீயணைப்பான் கிரந்தியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், அதை இயக்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் அங்கே மழை வரலாம். துணி விதானம் மட்டும் போதாது, மேலே ஒழுகாத கூரையும் பக்கங்களில் கண்ணாடியும் வேண்டும். பலத்த மழை வந்தால் சரூப் எந்தக் கட்டடத்துக்குள் போகும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வண்டி பழுதானால் சரூபைத் தலையில் சுமந்து நடந்து போகலாம். சொல்லப்போனால் அதுதான் பழைய முறை. 1604இல் ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், முதன்முதலாக இந்நூலை நிறுவியபோது மூத்த சீக்கியரான பாபா புத்தா தலையில் சுமந்து வர, ஐந்தாம் குருவான குரு அர்ஜன் சாமரம் வீசிக்கொண்டு வெறுங்காலில் நடந்தார் என்பது மரபு. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து மூன்று சரூப்களை மீட்டு டெல்லிக்குக் கொண்டு வந்தபோதும் விமான நிலையத்தில் தலையில் வைத்துத்தான் எடுத்து வந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு தங்கை: மாதவிலக்கு நாட்களில் ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக வா அம்மா. உள்ளே வா, பாடு, சேவை செய். பிறப்பு இறப்புத் தீட்டு என்ற எண்ணத்தையே குரு நானக் ‘ஆசா தி வார்’ பாடலில் மறுக்கிறார். 472ஆம் அங்கத்தில் பார்க்கலாம். அடுத்த அங்கத்திலேயே, அரசர்களைப் பெற்றவளை இழிவாகப் பேசுவது எப்படி என்றும் கேட்கிறார். யாராவது உன்னைத் தடுத்தால் அது ஊர்ப்பழக்கம், குருவின் சொல் அல்ல.

கோவாவில் வேலை பார்க்கும் ஒருவர்: கடற்கரையில் சீக்கியத் திருமணம் நடத்தித் தரக் கேட்கிறார்கள். முடியுமா?

முடியாது. கடற்கரை, ரிசார்ட் போன்ற இடங்களுக்கு ஆனந்த் காரஜ் திருமணத்துக்காகக் குரு கிரந்த் சாகிபைக் கொண்டு போகக் கூடாது என்று 2023 அக்டோபரில் சீக்கியரின் உச்ச சமய பீடமான அகால் தக்த் தடை விதித்தது. சடங்கைக் குருத்வாராவில் முடித்துவிட்டு விருந்தைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புகைப்படக் கலைஞர் ஒருவர்: அனந்த்பூர் சாகிபில் ஹோலா மொஹல்லா என்ற வீர விளையாட்டு விழாவைப் படமெடுக்கப் போகிறேன். ஊர்வலத்தில் குருபானி (குருமார்களின் பாடல்) வரிகள் அச்சிட்ட துண்டுத்தாள் கொடுப்பார்களே, அதை என்ன செய்வது?

படத்துக்கு: குதிரையேற்றமும் வாள்வீச்சும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். பால்கியின் மேல் ஏறியோ, கிரந்தியின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தோ எடுக்காதீர்கள். டிரோன் வேண்டவே வேண்டாம்.

தாளைக் கீழே போடாதீர்கள், அதில் எதையும் மடித்துக் கட்டாதீர்கள். அருகிலுள்ள குருத்வாராவில் கொடுத்துவிடுங்கள். பழுதடைந்த சரூப்களையும் குருபானி ஏடுகளையும் கோயிந்தவாலில் உள்ள அங்கீதா சாகிபில் முறைப்படி தகனம் செய்கிறார்கள். விழாக் குழுக்களுக்கு என் வேண்டுகோள்: தட்டிலும், காகிதக் கப்பிலும், தண்ணீர் பாட்டிலிலும் ‘ஏக் ஓங்கார்’ (இறைவன் ஒருவனே என்ற புனிதச் சின்னம்) அச்சிடாதீர்கள். அது மாலையில் குப்பையில்தான் கிடக்கும். நல்லெண்ணத்தில் செய்த காரியமே அவமதிப்பாகிவிடுகிறது.

சென்னையிலிருந்து: ஒரு தாள் கிழிந்தால்கூட இவ்வளவு கொந்தளிப்பது அதிகம் இல்லையா?

2015இல் ஃபரீத்கோட் மாவட்டம் பர்காரியில் குரு கிரந்த் சாகிபின் அங்கங்கள் கிழித்துத் தெருவில் வீசப்பட்டன. அதை எதிர்த்து பெஹ்பல் கலானில் உட்கார்ந்து போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தக் காயம் பஞ்சாபில் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் தெருவில் ஒரு தாள் பறந்தாலும் நெஞ்சு பதறுகிறது. அவமதித்ததாகச் சந்தேகம் வந்த ஆளை அடித்துக் கொல்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொஹாலியில் படிக்கும் ஒரு மாணவர்: நான் சீக்கியன் இல்லை. சேவை செய்ய விடுவார்களா?

விடுவார்கள் தம்பி. கிரந்தியின் வேலையும் மேடையில் கீர்த்தன் பாடுவதும் சீக்கியர்களுக்கு உரியவை. மற்றபடி தெரு கூட்டலாம், தண்ணீர் கொடுக்கலாம், லங்கரில் ரொட்டி தட்டலாம். ஜோடா கரில், அதாவது செருப்பு வைக்கும் இடத்தில், எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்னால் குருத்வாரா அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடு. தலைக்கு ஒரு துணி எடுத்துக்கொண்டு போ, பையில் சிகரெட் இல்லாமல் பார்த்துக்கொள்.