வீடு வாங்கும் முன் ஒரு ஜூலையைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு 66 வயது, எனக்கு 62. நியூ ஜெர்ஸியில் இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். போன பிப்ரவரியில் அரிசோனாவில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்ததிலிருந்து, அங்கேயே வீடு வாங்கிவிடலாம் என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். தினமும் மலைப்பாதையில் நடக்க வேண்டுமாம். இவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். எனக்கு மூட்டு வலி. 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான குடியிருப்பில் நாலு பேர் பழக்கமாவார்களா, இல்லை வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடப்போமா? பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவார்கள்.

பதில்: பிப்ரவரி அரிசோனாவைப் பார்த்து வீடு வாங்குவது, கல்யாண வீட்டுக் களையைப் பார்த்து ஒரு குடும்பத்தை எடைபோடுவது போல. ஃபீனிக்ஸில் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வெயில் அடித்தது. செல்சியஸில் சொன்னால் 43க்கு மேல். அதனால் உங்களுக்கு எங்கள் முதல் யோசனை: ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். அது ஆள் வராத காலம். தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய வீடுகளின் வாடகை அப்போது இறங்கியிருக்கும்.

அதற்கு எந்த ஊர்? உங்கள் இருவர் உடல்நிலைக்கும் ஃபீனிக்ஸைவிட டூஸான் பக்கம் மேல். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி, டூஸான் 2,400 அடி. அந்த உயர வித்தியாசம் வெயிலில் சில டிகிரி குறைக்கும். அதைவிடப் பெரிய வசதி, ஊருக்கு மேலேயே 9,157 அடி உயர மவுண்ட் லெமன் இருக்கிறது. ஒரு மணி நேரம் காரில் ஏறினால் உச்சியில் பைன் மரக் காடு. கீழே 104 என்றால் மேலே 80க்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கோடையில் உங்கள் கணவரின் மலை நடை அங்கேதான். டூஸானுக்குத் தெற்கே 25 மைலில் உள்ள கிரீன் வேலி ஓய்வு பெற்றவர்களின் ஊர். பறவை பார்க்கிறவர்கள் தேடி வரும் மதேரா பள்ளத்தாக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி நடை. பாலைவனத்தில் மதியம் 12 மணி உச்சம் அல்ல; மாலை 3 முதல் 5 வரைதான் உச்சம். "மதியம் தாண்டிவிட்டதே" என்று கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜூனில் டூஸானில் ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் உதிக்கும். அப்போது காலடி எடுத்து வைத்து எட்டு மணிக்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும். வெயில் நாளில் ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். "பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்பு" என்பது பலரும் சொல்லும் விதி. உங்கள் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பச் சொல்லுங்கள், ஏனென்றால் காலை நடையில் திரும்பி வரும் பாதி எப்போதும் போன பாதியைவிடச் சூடு.

அந்த நீர் மாத்திரை சாதாரண விஷயம் இல்லை. வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் உலர்ந்துவிடும்; சட்டை நனையாததால் உடம்பு இழந்த நீர் தெரியாது. மாத்திரை உப்பையும் நீரையும் ஏற்கெனவே வெளியேற்றிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரலாம். நடக்கும் நாளில் மாத்திரையை எப்போது சாப்பிடுவது, உப்புக் கரைசல் எவ்வளவு சேர்ப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் தானாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. நடுவில் பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ உடனே அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் மார்பிலும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பையில் ஒரு பெரிய பல் சீப்பு இருக்கட்டும். தலை வார அல்ல. சோயா (cholla) என்றொரு கள்ளி உண்டு. லேசாக உரசினாலே அதன் ஒரு கணு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் தானாக விழாது. கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். சீப்பின் பற்களைத் தோலுக்கும் கணுவுக்கும் இடையே நுழைத்து, ஆட்கள் இல்லாத பக்கமாக ஒரே சுண்டு. மிச்ச முட்களை இடுக்கியால் எடுக்கலாம். கிலுகிலுப்பைப் பாம்பு, அதாவது ராட்டில்ஸ்னேக், கோடையில் இரவிலும் நடமாடும். இருட்டில் டார்ச் இல்லாமல் வாசலில்கூட இறங்க வேண்டாம். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு 911ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் மூட்டுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் எதிரி, அதனால் உச்சிப் பாதைகளை விட்டுவிடுங்கள். டூஸானின் சபினோ பள்ளத்தாக்கில் சொந்தக் கார் விடமாட்டார்கள். மின்சார வண்டி ஓடுகிறது. தார்ச்சாலை முழுக்க நிறுத்தங்கள் உண்டு. பிடித்த இடத்தில் இறங்கி, சமதளத்தில் கொஞ்சம் நடந்து, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். சவாரோ தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதியில் எட்டு மைல் வட்டச் சாலையைக் காரிலேயே சுற்றலாம். நடுவில் கால் மைல் நீளத்துக்குத் தளமிட்ட நடைபாதையும் இருக்கிறது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் 62 வயது நிறைந்தால் 80 டாலருக்கு ஆயுள் முழுவதற்குமான பூங்கா அட்டை வாங்கலாம். இருவரும் ஒரே காரில் போவதானால் ஒரு அட்டை போதும். சபினோவின் நுழைவுக் கட்டணத்துக்கும் அது செல்லும், ஆனால் மின்சார வண்டிக்கு டிக்கெட் தனி.

குடியிருப்பு விஷயத்துக்கு வருவோம். இந்த வகை ஊர்களில் பேர்போனது ஃபீனிக்ஸ் அருகே சன் சிட்டி. கட்டுமானத் தொழிலதிபர் டெல் வெப் அதை 1960 ஜனவரி 1 அன்று திறந்தார். 55+ என்று அறிவிக்க வேண்டுமானால், ஆள் இருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயது நிறைந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கென விதிப் புத்தகம் வைத்திருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கையில் வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்: சிறு வயதினர் வருடத்தில் எத்தனை நாள் தங்கலாம், அவர்கள் நீச்சல் குளத்தில் எந்த நேரத்தில் இறங்கலாம், வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்ட வேண்டிய ஒருமுறைக் கட்டணம் எவ்வளவு. பேரப்பிள்ளைகள் கோடை முழுக்கத் தங்குவார்கள் என்றால் முதல் கேள்வியிலேயே சில ஊர்கள் கழிந்துவிடும்.

பழக்கவழக்கத்துக்குத் தடை வெயில் மட்டும் இல்லை. பிப்ரவரியில் நீங்கள் பார்த்த கூட்டத்தில் நிறையப் பேர் குளிர்காலத்துக்கு மட்டும் வருகிறவர்கள், 'ஸ்னோபேர்ட்' என்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் மினசோட்டாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். ஜூலையில் யார் மிஞ்சுகிறார்களோ அவர்கள்தான் உங்கள் அக்கம்பக்கம். கோடையில் வாடகைக்குப் போகச் சொன்னதற்கு இதுவும் காரணம். பொழுதுபோக்கு மையத்துக்குப் போய், ஆகஸ்ட் மாதத்துக்கான வகுப்பு அட்டவணையைக் கேளுங்கள். அது காலியாக இருந்தால் அந்த ஊர் உங்களுக்குச் சரிவராது.

விருந்துக்கு விருந்து சந்திப்பதைவிட, வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வேலை என்றால்தான் அங்கே சிநேகம் பிடிக்கும். டூஸானில் அரிசோனா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஓஷர் மையம் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. உங்கள் கணவருக்கு அதைவிட நல்ல வேலை ஒன்று: புல் பிடுங்குவது. நம் ஊர் மேய்ச்சல் காட்டில் மாடு தின்னும் கொழுக்கட்டைப் புல்லேதான் அங்கே பெரிய தலைவலி. கள்ளிகளுக்கு இடையே வெற்று மண் இருக்கிறவரை தீ பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பித் தீயைக் கொண்டுபோய், கிளை விடவே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுக்கும் சவாரோ கள்ளியை எரித்துவிடும். தன்னார்வலர்கள் கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுக்கிறார்கள். மேலே அறுத்தால் மறுபடி தழைக்கும்.

மருத்துவரிடம் போகும்போது ஒன்று மறக்காதீர்கள். அரிசோனா மண்ணில் இருக்கும் பூஞ்சையால் 'வேலி ஃபீவர்' வரும். இருமலும் அசதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். நியூ ஜெர்ஸிக்குப் போயிருக்கும்போது காய்ச்சல் வந்தால், அரிசோனாவில் இருந்ததை முதலிலேயே சொல்லுங்கள். நியூ ஜெர்ஸி மருத்துவருக்கு இது சட்டென்று தோன்றாது; சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், அது பூஞ்சையை ஒன்றும் செய்யாது.