பாதிக்கப்பட்டவர்களுக்கு ஊர்க் கோயிலும் ஜமாத்தும் தேவாலயப் பங்கும் என்ன செய்யலாம்?

நாகை மாவட்டத்தில் ஜமாத் நிர்வாகத்தில் இருக்கும் நீங்கள், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கு எப்படி உதவுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெல்டா கிராமங்களில் பல பெண்கள் முதலில் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஜமாத், பங்குத்தந்தை, கோயில் பெரியவர்கள் என்றுதான் போகிறார்கள். அங்கே ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று திருப்பி அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவது அவளுக்கு ஆபத்து.

பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு மையமான மாவட்ட ஒன் ஸ்டாப் சென்டரில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், மனநல ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். இழப்பீட்டு மனுவும் அங்கேதான்; குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் கேட்கலாம்.

குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் வேறு பேச்சே இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராயினும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். இமாமுக்கோ குருக்களுக்கோ பாதிரியாருக்கோ விலக்கு கிடையாது.

சரி, உங்கள் பங்கு? பஸ் காசு, மாற்றுத் துணி, வாய்தா நாளில் கோர்ட்டுக்குக் கூடவே வரும் ஒரு பெண். அரசு மையத்தால் எல்லா நாளும் தர முடியாதது அந்தத் துணைதான். மைய ஆலோசகரை ஒருமுறை ஜமாத்துக்கு அழைத்துப் பெண்களிடம் நேரில் பேச வையுங்கள்.