நாய் வளர்க்கலாம், சரி. கழுவின தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஆறு வீடுகள் உள்ள அடுக்குமாடியில் தரைத்தளம் எங்களுடையது. வீட்டை ஒட்டிய பக்கவாட்டு இடமும் எங்களுடையதுதான், அதில் பில்டர் ஜல்லி பரப்பிக் கொடுத்தார். எங்கள் லேப்ரடாருக்கு எல்லாம் அங்கேதான். நாள் தவறாமல் ஹோஸ் பிடித்து அடித்துக் கழுவிவிடுகிறேன், அப்படியும் நாற்றம் என்று முதல் மாடி வீட்டார் சண்டை போடுகிறார்கள். சங்கம் தீர்மானம் போட்டு மாதம் ஆயிரம் ரூபாய் அபராதம் கேட்கிறது. செயலாளர் வாட்ஸ்அப் குரூப்பில் என் மனைவியைக் குத்திக் குத்திப் பேசுகிறார். ரிட்டயர்டு ஆன வயதில் இந்த மன உளைச்சல் தேவையா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: சார், நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றே முக்கால் பக்கம் செயலாளரைப் பற்றி. அதை ஓரமாக வைத்துவிடுவோம், எந்தக் கோர்ட்டும் அதைப் படிக்கப் போவதில்லை. அபராதம் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமான பதில்: செல்லாது. விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் விட்ட சுற்றறிக்கையிலேயே, சட்டத்தில் இல்லாத அபராதத்தைக் குடியிருப்போர் சங்கம் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது, நாய் வளர்ப்பதைத் தடுக்கவும் முடியாது என்று இருக்கிறது. இதை வைத்து நீங்கள் ஜெயிக்கலாம். ஜெயித்த பிறகும் நாற்றம் அங்கேயேதான் இருக்கும், கேஸும் இருக்கும். அரசியலமைப்பின் 51ஏ(ஜி)யை வேறு மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொல்லும் கடமை அது. பொது இடத்து ஜல்லி மேல் உங்கள் நாய்க்குப் பாத்தியதை எதையும் அது தரவில்லை.

விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: ஹோஸ் பிடித்து அடிக்கிறேன் என்று. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நீங்கள் அனுப்பிய போட்டோவில் ஜல்லியின் கடைசியில், காம்பவுண்டை ஒட்டி, ஒரு சிமென்ட் மூடி தெரிகிறது. அது மழைநீர் சேகரிப்புக் குழியாக இருந்தால் (2003லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் எங்கேயாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்) நீங்கள் தினமும் நாய்க் கழிவைக் கரைத்து ஆறு குடும்பம் புழங்குகிற நிலத்தடி நீருக்குள் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டைல்ஸ் தரை என்றால் அள்ளிவிட்டுக் கழுவினால் முடிந்தது. ஜல்லியில் தண்ணீர் அடித்தால் மேலே இருப்பது உடைந்து இடுக்கில் இறங்கும், மூத்திரம் அடியில் தேங்கி அம்மோனியா வாடை வெயில் ஏற ஏறத் தூக்கும், உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதால் நீங்கள் சத்தியம் செய்கிறீர்கள், மாடி வீட்டார் மூக்கை வைத்துச் சத்தியம் செய்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அந்த இடம் "எங்களுடையது" என்கிறீர்களே, கிரயப் பத்திரத்தை எடுத்து சொத்து விவரத்தைப் படியுங்கள். பில்டர் வாயால் சொன்ன "உங்கள் தோட்டம்" எல்லாம் அங்கே இருக்காது. பெரும்பாலும் உங்கள் வீடும் நிலத்தில் பிரிபடாத பாகமும் மட்டும்தான் இருக்கும், அப்படியானால் அந்த ஜல்லி ஆறு பேருக்கும் பொது.

இப்போது போலீஸ். இங்கேதான் வக்கீலான என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் வரிசையாகப் போய் விழுவதைப் பார்க்கிறேன். நீங்கள் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது கிடைக்கும். அன்று சாயங்காலமே மாடி வீட்டாரும் ஸ்டேஷனுக்குப் போவார்கள், அவர்கள் புகாரில் நாய் இருக்காது. ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், மிரட்டினார் என்று இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்று ஊருக்கே மனப்பாடமான பிரிவுகள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸில் (பாரதிய நியாய சன்ஹிதா) 296(பி), 115(2), 351. முதல் மாடியிலிருந்து பேச வந்தது அந்த வீட்டு அம்மா என்றால் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் கூடவே வரும். நடந்ததா இல்லையா என்பது விசாரணையில் தெரியும், விசாரணை எப்போது என்று யாருக்கும் தெரியாது. பெண் வெளிநாட்டில் இருக்கிறாள், பேத்தி பிறக்கப் போகிறாள் என்கிறீர்கள். எஃப்ஐஆர் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் அவர்களுக்கு இருக்கிறது. கொஞ்சம் விவரமான வக்கீலாக இருந்தால் அதைத்தான் பிடிப்பார். போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பி, மலக்கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்கி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 152ன் கீழ் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு போட்டால், தொல்லையை அகற்று, இல்லையென்றால் காரணம் சொல் என்று உங்களுக்கு உத்தரவு வரும். பொதுத் தொல்லைக்கு பிஎன்எஸ் 292ல் ஆயிரம் ரூபாய் வரைதான் அபராதம், அது பெரிய விஷயமில்லை. ஆர்டிஓ உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம். அந்த ரிப்போர்ட் வந்த நிமிடம் செயலாளர் நல்லவர், நீங்கள் கெட்டவர். கிருமி பக்கத்துத் தெரு செப்டிக் டேங்கிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும்.

அதனால் சமாதானமாகப் போங்கள். கோழைத்தனம் என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும். இன்றிலிருந்து ஹோஸை நிறுத்துங்கள், கழிவைத் தண்ணீர் விடாமல் அப்படியே அள்ளி உங்கள் கழிவறையில் போட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். மேல் ஜல்லியை அரை அடி வரை எடுத்துவிட்டுப் புதிது போட, நாய்க்கென்று ஒரு மூலையில் சிமென்ட் தளம் போட்டு அதன் தண்ணீரைச் சாக்கடை இணைப்பில் விட, செலவு என்னுடையது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் மன்னிப்பு, தவறு, வருந்துகிறேன் மாதிரி எந்த வார்த்தையும் வேண்டாம். பணத்தை "அபராதம்" என்ற பெயரில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், "பராமரிப்புச் செலவு" என்று ரசீது வாங்குங்கள். அபராதத் தீர்மானம் ரத்து என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் ஜல்லி லாரி வர வேண்டும். மாநகராட்சி உரிமம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, புழுநீக்க மருந்து கொடுத்த சீட்டு மூன்றும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். உரிமம் இல்லையென்றால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், எதிராளி முதலில் கேட்பது அதைத்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் பதில் எழுதாதீர்கள். உங்கள் மனைவியும்தான்.