காக்கை எடுக்காத சோறு

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். பங்குனியில் என் மனைவி புற்றுநோயால் இறந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் அந்தியில் விளக்கேற்றிக் கும்பிட்ட என் ஒன்பது வயது மகள், இப்போது பூஜை அறைப் பக்கமே போவதில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அதில் எனக்கு ஓர் ஓரத்தில் நிம்மதி. ஆடி அமாவாசைக்கு அவளை, ஆற்றங்கரையில் இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் குழித்துறை வாவுபலிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் மாமியார். "காக்கா சோறு எடுக்கலன்னா அம்மைக்கு எம்மேல கோவமாப்பா?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: அந்த நிம்மதியிலிருந்தே தொடங்குகிறேன். மகள் உங்கள் பக்கம் வந்துவிட்டாள் என்று எண்ண வேண்டாம். கடவுள் இல்லை என்று தெளிந்தவருக்குப் பூஜை அறை நாலு சுவர்தான். அதை அவள் சுற்றிக்கொண்டு போகிறாள் என்றால், உள்ளே இருப்பவரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றே பொருள். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், உலகைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றே ஏசினார் (புறநானூறு 194). அவள் கோபமும் அந்த வகையைச் சேர்ந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கவலை தருவது வேறு. இறந்தவர் திரும்பமாட்டார் என்பது ஒன்பது வயதில் பெரும்பாலும் விளங்கிவிடும். ஆனால் தான் செய்த அல்லது செய்யத் தவறிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்ற அச்சம் அந்த வயதிலும் பிள்ளைகளை விடுவதில்லை. காக்கையைப் பற்றிக் கேட்பதுபோல, தான் சரியாகக் கும்பிட்டோமா என்றுதான் அவள் கேட்கிறாள். ஆகவே நோயின் பெயரைச் சொல்லி, அது உடம்பில் எங்கே வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், ஏன் பலிக்கவில்லை என்று விளக்குங்கள்; விளக்கு அணைந்ததாலோ அம்மாவோடு சண்டை போட்டதாலோ யாருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்பதை அவள் கேட்கும்போதெல்லாம் திரும்பச் சொல்லுங்கள்.

சொர்க்கம் என்ற சொல் இல்லாமலும் துக்கத்தைப் பேசலாம். நாமும் வைக்கமும் ஒரே திருவிதாங்கூராக இருந்த 1924இல் அங்கே கோயில் தெரு நுழைவுப் போராட்டத்தில் நின்ற, பெரியாரின் மனைவி நாகம்மையார் 1933இல் மறைந்தபோது, அவர் தமக்கு வாழ்க்கைத் துணையாக இருந்ததுபோல் தாம் அவருக்கு இருந்தோமா என்பது நினைவுக்கு வரவில்லை என்று பெரியார் 'குடி அரசு' இரங்கலில் எழுதினார். உங்கள் கடிதத்திலோ நீங்கள் அழுததாக ஒரு வரிகூட இல்லை. மகளும் அதைப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மாமியாரின் நம்பிக்கையை அவர் தம் நம்பிக்கையாகச் சொல்லட்டும். "பாட்டி அப்படி நம்புகிறாள், அப்பாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை, உனக்கு எது தோன்றுகிறதோ அதை மெதுவாக யோசி" என்று நீங்களும் சொல்லலாம். ஆனால், நல்லவர்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும் என்ற பேச்சு மட்டும் வீட்டில் வேண்டாம். நல்ல பிள்ளையாக இருக்கவே அவள் பயப்படுவாள். ஊணும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

குழித்துறைக்குப் போவதா என்பதை அவளிடமே கேளுங்கள். போகிறேன் என்றால், நீங்கள் கும்பிட வேண்டியதில்லை, கூடப் போனால் போதும். வாவு நாளில் ஆற்றங்கரையெங்கும் எள்ளும் சோறும் இலை இலையாகக் கிடக்கும், காக்கைக்கு வயிறு சிறிது என்பதை முந்தின நாளே சொல்லி வையுங்கள். ஈரக்கையைத் தட்டி அவள் காக்கையைக் கூப்பிடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வராவிட்டால், அம்மாவுக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடங்கள்.