ஐந்து சான்றிதழ் இருந்தும் வேலை இல்லையா?

கேள்வி: பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. டேலி, எக்செல், பைத்தான், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றெல்லாம் ஐந்து சான்றிதழ் வைத்திருக்கிறேன். மூன்று இன்டர்வியூவிலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று முடித்துவிட்டார்கள். ஏஐ வந்தால் கணக்கு வேலையே இருக்காது என்கிறான் அண்ணன். அடுத்து எந்த கோர்ஸில் சேரலாம்?
– பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: எதிலும் சேர வேண்டாம். அதற்கென்று எடுத்து வைத்த பணம் இருந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

என்னென்ன முடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்டர்வியூவிலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆடிட்டர் அலுவலகங்களில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஆள் எடுக்கும்போது சான்றிதழ் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். எக்செல்லில் இரண்டு ஷீட் கொடுப்பேன். ஒன்று, ஒரு கடையின் ஒரு மாதக் கொள்முதல் பட்டியல். இன்னொன்று, அதே மாதத்து ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது அந்தக் கடைக்குப் போட்ட பில் என்று சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியவற்றின் பட்டியல். ‘ரெண்டும் ஏன் ஒத்துப்போகல, பார்த்துச் சொல்லுங்க.’

பெரும்பாலோர் இரண்டையும் ஒப்பிட எக்செல்லின் வி-லுக்கப் சூத்திரம் போடுவார்கள், பதினேழு பில் இல்லை என்று வரும், அதை அப்படியே நீட்டுவார்கள். ஒரு பெண் மட்டும் அதற்கு மேலே போனார். ஆறு பில்லில் எண்தான் கோளாறு. இங்கே 0112, அங்கே 112. இரண்டில் ஜிஎஸ்டி எண் தப்பு. மிச்சம் ஒன்பதும் ஒரே சப்ளையருடையவை. ‘மூணு மாசத்துக்கு ஒருதடவை தாக்கல் பண்றவரா இருக்கும். போன் பண்ணிக் கேட்கட்டுமா சார்?’ என்றார். அன்றைக்கே வேலை கொடுத்தோம்.

2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் ஏறாத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த மாதம் 14-ஆம் தேதி 2பி வரும், 20-க்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும். அந்த ஆறு நாளுக்குள் ‘அண்ணாச்சி, உங்க பில் ஏறல, கொஞ்சம் பாருங்க’ என்று சப்ளையர் முகம் சுளிக்காதபடி கேட்கத் தெரிய வேண்டும். இதற்குச் சான்றிதழ் யாரும் தருவதில்லை.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. பில்லைத் தட்டச்சு செய்கிற வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கவும் மென்பொருள் வந்துவிட்டது. அது தப்பாகச் சேர்த்த பில்லைக் கண்டுபிடிக்கக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். 2007-இல் தமிழ்நாட்டில் வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரி வந்தது, 2017-இல் ஜிஎஸ்டி வந்தது. இரண்டு முறையும் தாக்குப்பிடித்தவர்கள் படிவத்தை மனப்பாடம் செய்தவர்கள் அல்லர், வரி எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது என்று புரிந்துகொண்டவர்கள்.

சொந்தத்தில் யாராவது கடை வைத்திருப்பார்கள். கேட்டு, மூன்று மாதக் கணக்கை இப்படி ஒப்பிட்டு, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வெளியில் காட்டும்போது பெயர்களையும் ஜிஎஸ்டி எண்களையும் அழித்துவிடுங்கள். அதையே இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள், முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில். மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்கிற தொழிற்பழகுநர் திட்டத்தின் தளத்திலும் பதிந்து வையுங்கள், பி.காம். படித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு. சம்பளம் மாதிரி எதிர்பார்க்க வேண்டாம்.

கடைக்கு 20-ஆம் தேதி கழிந்து போங்கள். அதற்கு முன்னால் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.