கவுன்சில் அனுப்பிய குடும்பம் இருக்கிற வீட்டை விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு மூன்று அறை வீடு ஒன்று உண்டு. 2006இல் 215,000 பவுண்டுக்கு என் பெயரிலும் மனைவி பெயரிலும் வாங்கி, 2013 வரை நாங்களே இருந்தோம். பிறகு ஹரோவுக்கு மாறி, அந்த வீட்டை வாடகைக்கு விட்டோம். 2019இல் கவுன்சில் (உள்ளூராட்சி) ஒரு தாயையும் மூன்று பிள்ளைகளையும் அனுப்பியது. வாடகை மாதம் 1,600 பவுண்டு. பெரும்பகுதி அரசின் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து நேரே என் கணக்குக்கு வருகிறது. நல்ல மனிசி, வீட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார். ஆனால் வட்டி மட்டும் கட்டி வரும் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) 2027 டிசம்பரில் முடிகிறது; முதல் தொகையான 140,000 பவுண்டையும் அப்போது கட்ட வேண்டும். எனக்கு வயது 63. இன்று 440,000க்குப் போகும் என்கிறார் ஏஜென்ட். கவுன்சில் விட்ட ஆட்களை எழுப்பவே முடியாது என்கிறார்கள் சிலர். மச்சானோ, "விற்கப்போகிறேன் என்று நோட்டீஸ் குடு, ஆள் போனதும் 2,300க்கு வாடகைக்கு விடு" என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, மச்சானின் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் எழுப்பும் பிரிவு 21 இல்லை. விற்பதற்காக வீட்டைக் கேட்பவர் 1ஏ என்ற காரணத்தைக் காட்டி நான்கு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவர், நோட்டீஸ் காலம் முடிந்த பின் 12 மாதத்துக்கு அந்த வீட்டை வாடகைக்கு விடவோ, வாடகைக்கு என்று விளம்பரம் போடவோ கூடாது. மீறினால் கவுன்சில் 40,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். செலுத்திய வாடகையைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகவும் குடியிருந்தவருக்கு வழி உண்டு. உங்கள் விஷயத்தில் இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒருவரும் மினக்கெடத் தேவையில்லை. அந்தத் தாய் வீடில்லை என்று போய் நிற்கப்போவது அதே கவுன்சிலின் வாசலில்தான். அவர் கொண்டுபோகும் முதல் காகிதமே உங்கள் நோட்டீஸ்.

அபராதத்துக்கு அப்பாலும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் படுக்கையையும் ஒரு பொய்க் காரணத்தால் கலைப்பது சரியல்ல. விற்பது உங்கள் உரிமை. விற்பதாக நடிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

இனி, "கவுன்சில் ஆட்களை எழுப்ப முடியாது" என்ற பேச்சு. இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. சில வீடுகளைக் கவுன்சிலே மூன்று, ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து, தான் விரும்பும் குடும்பத்தை அதில் வைக்கிறது. அங்கே உங்கள் வாடகைதாரர் கவுன்சில்தான். குடும்பத்தோடு உங்களுக்கு ஒப்பந்தமே கிடையாது. எப்போது எந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குத்தகைப் பத்திரத்தில் இருக்கும். மற்ற வகையில் கவுன்சில் ஆளை அறிமுகப்படுத்தி, சில வேளை உங்களுக்கு ஊக்கத்தொகையும் தந்து, ஒதுங்கிக்கொள்ளும். ஒப்பந்தம் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இடையில்தான். யுனிவர்சல் கிரெடிட் நேரே உங்களுக்கு வருவதைப் பார்த்தால் நீங்கள் இந்த இரண்டாம் வகை. அப்படியானால், சொந்தச் சம்பளத்தில் வாடகை கட்டும் ஒருவருக்கு உள்ள அதே சட்டம்தான் இவருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதற்கும் 2019இல் கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்து, "வாடகைதாரர்" என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தப் பத்திரத்தோடு டெபாசிட் விவரத்தையும் தேடி எடுங்கள். காசு தராமல் "சேதம் வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று கவுன்சில் ஒரு கடிதம் மட்டும் தந்திருந்தால், அது சட்டப்படி டெபாசிட் அல்ல. காசாகத் தந்திருந்தால், கொடுத்தது கவுன்சிலே ஆனாலும், 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் நீதிமன்றம் வீட்டை உங்களிடம் திருப்பித் தர உத்தரவிடாது. வழக்குப் போடுமுன் அதைச் சரிசெய்யலாம். ஆனால் டெபாசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கும் உரிமை குடியிருப்பவருக்கு அப்போதும் இருக்கும். உங்கள் வீடு இருக்கும் நியூஹாம் 2013இலேயே பகுதி முழுவதற்கும் வாடகை வீட்டு லைசென்ஸ் கொண்டுவந்த கவுன்சில். இன்றும் பெரும்பாலான வட்டாரங்களில் லைசென்ஸ் வேண்டும். உங்களுடையது காலாவதியாகவில்லை என்பதை இந்த வாரமே உறுதிசெய்யுங்கள். 2026 மே 31க்குள் பழைய வாடகைதாரர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய அரசின் தகவல் தாளையும் கொடுத்தீர்களா? இல்லையென்றால் உடனே கொடுங்கள். அதற்கும் தனியே அபராதம் உண்டு.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். விற்பதுதான் சரி என்று நினைக்கிறேன். வருடம் 19,200 பவுண்டு வாடகை என்பது 440,000 பெறுமதியில் 4.4 சதவீதம்கூட இல்லை; அதிலிருந்துதான் வட்டியும் திருத்த வேலையும் காப்புறுதியும் போக வேண்டும். வாடகையை வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கூட்டலாம். ஆனால் கூட்டிய காசு எங்கிருந்து வரும்? உதவித்தொகை வாடகைக்குக் கொடுக்கும் உச்ச அளவு 2024 ஏப்ரலில் உயர்ந்த இடத்திலேயே நிற்கிறது. போதிய வேலை வருமானம் இல்லாத குடும்பமாக இருந்தால், லண்டனில் எல்லா உதவியும் சேர்த்து வருடம் 25,323 பவுண்டு என்ற மேல்வரம்பும் உண்டு. 2,300 கேட்டால் அது நிலுவையாகத்தான் முடியும். 2027 ஏப்ரல் முதல் வாடகை வருமானத்துக்கான வரி விகிதங்களும் இரண்டு புள்ளி ஏறுகின்றன: 22, 42, 47 சதவீதம். ஒரே ஒரு சூழலில் என் கருத்து மாறும்: மோர்ட்கேஜ் நிறுவனம் 63 வயதிலும் உங்களுக்கு ஐந்து, பத்து வருட நீட்டிப்பு தந்து, மாதக் கணக்கில் மிச்சமும் விழுந்தால். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நட்டமில்லை.

விற்பனை லாபத்துக்கான வரியைப் பற்றிப் பலருக்கு வீண் பயம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 440,000இல் வாங்கிய விலை 215,000 போனால் 225,000. வாங்கியபோதும் விற்கும்போதும் ஆகும் சொலிசிட்டர், ஏஜென்ட், ஸ்டாம்ப் டியூட்டிச் செலவுகளும், லாஃப்ட் கட்டியது போன்ற பெரிய வேலைகளும் கழியும். பழையபடி பெயின்ட் அடித்தது கழியாது. இவற்றுக்கு 39,000 என்று வைத்தால் லாபம் 186,000. நீங்கள் அங்கே குடியிருந்த ஏழு வருடமும் கடைசி ஒன்பது மாதமும், ஆக 93 மாதம், வரிக்கு வெளியே. வைத்திருந்தது 252 மாதம் என்றால் லாபத்தில் 37 சதவீதம் அளவு அப்படியே தப்பும். மிச்சம் ஏறத்தாழ 117,000. ஆளுக்கு 3,000 வீதம் விலக்குப் போக, உங்கள் இருவரின் மற்ற வருமானத்தைப் பொறுத்து ஒரு பகுதிக்கு 18 சதவீதமும் மீதிக்கு 24 சதவீதமும். ஆக வரி 22,000க்கும் 27,000க்கும் இடையில் எங்கேயோ நிற்கும். விற்பனை முடிந்து 60 நாளுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டும். வருடக் கடைசிக் கணக்கு வரைக்கும் காத்திருக்காதீர்கள். 2006, 2013 காலத்துக் கவுன்சில் டாக்ஸ் பில்லையும் வாக்காளர் பதிவையும் தேடி வையுங்கள். அங்கே குடியிருந்ததை அவைதான் காட்டும்.

எப்படி விற்பது? நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 2027 டிசம்பரில் காசு வேண்டும். வாங்குபவர் கிடைத்து விற்பனை முடிய நான்கு மாதம் வையுங்கள். அதனால் ஆகஸ்டில் வீடு காலியாக இருக்க வேண்டும். வழக்குப் போட்ட நாளிலிருந்து பெய்லிஃப் (வீட்டைக் காலிசெய்ய வைக்கும் நீதிமன்ற அலுவலர்) வரும் வரைக்கும் அரை வருடம் போவது இன்று சாதாரணம், லண்டனில் அதைவிடக் கூடவும் போகும். அப்படியானால் 2027 பெப்ரவரியில் வழக்கு. அதற்கு நான்கு மாதம் முன், 2026 அக்டோபரில் நோட்டீஸ். அதற்கு முன் இருக்கும் சில மாதங்களை வீணாக்காமல், குடும்பம் இருக்கிறபடியே வீட்டை விற்க முயலுங்கள்.

முதலில் கவுன்சிலிடமே கேளுங்கள். லண்டன் கவுன்சில்கள் பல, மேயர் அலுவலகம் 2023இல் தொடங்கிய திட்டத்தின் பணத்தோடு, தனியார் வீடுகளை வாங்கியிருக்கின்றன. எல்லா வீட்டையும் எடுக்க மாட்டார்கள், சிலர் காலி வீட்டைத்தான் கேட்பார்கள். ஆனால் வீடிழக்கப்போகும் நான்கு பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வீடு அவர்களுக்கும் ஒரு செலவைத் தவிர்க்கிறது. அதை எழுத்தில் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் வாடகைக்கு விட வாங்குபவர்கள். ஏழு வருடம் ஒழுங்காக வாடகை வந்த கணக்கு உங்களிடம் இருக்கிறது. 25,000 குறைத்துக் கேட்டாலும் உடனே முகம் சுளிக்காதீர்கள்: வழக்குச் செலவு, காலியாகக் கிடக்கும் மாதங்களின் வட்டியும் கவுன்சில் டாக்ஸும், திருத்த வேலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பாதியாகச் சுருங்கும். இப்படி விற்றால் ஒப்பந்தம் அப்படியே புது உரிமையாளருக்குப் போகும், டெபாசிட்டும் போகும். உரிமையாளர் மாறியதைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்கும் வரை உங்கள் பொறுப்பும் தீராது.

இரண்டும் சரிவராமல் நோட்டீஸ் வழிக்குப் போனால், ஒரு விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள். வீடு காலியாகு முன், காலியாகத் தருவேன் என்ற விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வாங்குபவரோடு பரிமாறி உறுதிசெய்யாதீர்கள். ஏஜென்ட் அவசரப்படுத்துவார், வாங்குபவரின் மோர்ட்கேஜ் காலாவதியாகப்போகிறது என்பார்கள். குடும்பம் அன்றைக்கு எழும்பாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்; நட்ட ஈடும் உங்கள் தலையில்தான். இதில் ஒரு நாளும் இறங்கிப் போகாதீர்கள். ஏஜென்டின் மதிப்பீட்டுக் கடிதமும் சொலிசிட்டரை நியமித்த கடிதமும் கையில் இருந்தால், விற்கும் எண்ணம் உண்மையானது என்று நீதிமன்றத்தில் காட்டலாம். காட்டிவிட்டால் 1ஏ காரணத்தில் உத்தரவு தருவது நீதிபதியின் விருப்பம் அல்ல, கட்டாயம்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் நோட்டீஸ் போய்ச் சேரும் முன் நீங்களே நேரில் சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் "நாங்கள் சொல்கிறோம், பார்த்து எழும்புங்கள்" என்று வாய்வார்த்தையில் எழுப்ப வேண்டாம். சரியான நோட்டீஸ் இல்லாமல் தானாக வெளியேறினால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் அவரைக் கைவிடக்கூடும். 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவும் கடமை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சிலுக்கு உண்டு. சிறு பிள்ளைகள் இருப்பதால் இவர் முன்னுரிமைப் பட்டியலில் வருவார். பெய்லிஃப் வரும் வரை இருங்கள் என்று கவுன்சில் அதிகாரி சொல்வதும் நடக்கும். அதைக் கேட்டு அந்தத் தாய் இருந்தால் அவர் மேல் கோபப்படாதீர்கள், அது அவர் செய்யும் வஞ்சகம் அல்ல. ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள். இத்தனை வருடம் வாடகை தவறவில்லை என்று ஒரு நற்சான்றுக் கடிதமும் கொடுங்கள். அடுத்த வீடு தேடும்போது அவருக்கு அதுதான் உதவும்.

நோட்டீஸ் ஓடும் காலத்திலும் பொய்லர் பழுதானால் திருத்துவது உங்கள் கடமை. கேஸ் சான்றிதழ் வருடா வருடம் புதுப்பித்தாக வேண்டும். எந்தக் காரணத்துக்கும் பூட்டை மாற்றாதீர்கள். 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். 2019 பத்திரம், டெபாசிட் விவரம், லைசென்ஸ், மோர்ட்கேஜ் கடிதம் நான்கையும் எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் எழுதுமுன் ஒரு சொலிசிட்டரிடம் போங்கள். நோட்டீஸில் ஒரு தேதி பிழைத்தாலும் நான்கு மாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும், உங்கள் டிசம்பர் அதைத் தாங்காது.