பட்டறையும் வீடும் ஒரே கூரைக்குள்: கேள்வி பதில்

கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களும் ஆல்பங்களும் செய்து விற்பது என் தொழில். பட்டறை வீட்டிலேயே ஓர் அறை. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என எல்லாரும் அதே வீட்டில்தான். கலைத்தொழிலை நடத்திக்கொண்டே வீட்டில் நிறைவாக இருப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். வரி, கடன் சம்பந்தமானவற்றை உங்கள் கணக்காளரிடம் கொண்டு போங்கள்.

தூரிகை: அக்கா, நான் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். வேலையை நிறுத்திவிட்டு மகளோடு உட்கார்ந்தாலும் மனம் அந்தப் படத்திலேயே கிடக்கிறது. அவள் ஏதோ சொல்கிறாள், நான் 'ம்' கொட்டுகிறேன். என்ன சொன்னாள் என்று கேட்டால் தெரியாது.

இன்று வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான். நேரம் ஒதுக்கியாயிற்று, ஆள் மட்டும் வந்து சேரவில்லை. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அது முடியாமல் நிற்கும்போது மனம் லேசில் விடுபடாது. படம் வரைகிறவருக்கும் என்னைப் போல நூல் கோக்கிறவருக்கும் ஒரு நாளில் முடிகிற வேலை அபூர்வம். அதனால் நம் வீட்டில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கடைசி அரை மணி நேரத்தில் பசைப் பாத்திரத்தைத் திறக்கவே மாட்டேன். பசை தடவிவிட்டால் எப்போது எழுந்திருக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும், நானில்லை. தாள் மடிப்பது, அட்டை அளப்பது என்று எந்த நொடியிலும் கீழே வைக்கக்கூடிய வேலையை மட்டும் அந்த நேரத்துக்கு எடுத்துக்கொள்வேன். எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு எழுதுவேன். நேற்றைய சீட்டு இது: 'நீல அட்டை. நான்காம் பாரம் வரை தைத்தாயிற்று. ஊசியில் நூல் ஒரு முழம் மீதி. நாளை முதலில் நூலுக்கு மெழுகு தடவு.' அவ்வளவுதான். (பாரம் என்றால் ஒன்றாகச் சேர்த்து மடித்த தாள்களின் கட்டு.) நாளைக்குக் கை முதலில் எதைத் தொட வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். 'புத்தகத்தை முடி' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. லெராய் 2018இல் தெரேசா குளோம்ப் என்பவரோடு சேர்ந்து இதையும் சோதித்துப் பார்த்தார். வேலையைப் பாதியில் விட்டவர்கள், திரும்பி வந்ததும் எங்கிருந்து தொடர்வது என்று சுருக்கமாக எழுதிவைத்தால், அடுத்த காரியத்தில் அவர்களுடைய கவனம் நன்றாகப் பதிந்தது.

அப்புறம் கையைக் கழுவி, வேலைச் சட்டையை மாற்றிவிட்டு மகளிடம் போங்கள். சட்டை மாறினால் 'அம்மா வந்தாச்சு' என்று பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

புதுத்தொழில்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குடும்பத்துக்கு, எத்தனை மணி நேரம் தொழிலுக்கு?

எல்லாருக்கும் பொருந்துகிற எண் கிடையாது. மேலே தூரிகைக்குச் சொன்னதைப் படியுங்கள். மனசு வேறெங்கோ இருக்கும் மூன்று மணி நேரத்தைவிட முழுசாகக் கிடைக்கும் அரை மணி நேரம் பிள்ளைக்குப் பெரிது.

வெளிச்சம்: திருமணப் படம் எடுப்பவன். வாரக் கடைசியில்தான் எனக்கு வேலை, பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் அன்றுதான். குற்ற உணர்ச்சி தின்கிறது.

தம்பி, வாரக் கடைசிக்கு விசேஷ மகிமை எதுவும் இல்லை. குடும்பப் பழக்கவழக்கங்கள் பற்றி அரை நூற்றாண்டுக் காலம் நடந்த ஆய்வுகளை பார்பரா ஃபீஸும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் திரட்டிப் பார்த்தார்கள். சேர்ந்து உண்பது, தூங்கப் போகும் முன் செய்பவை மாதிரியான சின்னச் சின்ன வழக்கங்கள் பெற்றோரின் தன்னம்பிக்கையோடும் பிள்ளைகளின் நலத்தோடும் தொடர்புள்ளவை என்று அதில் தெரிந்தது. எந்தக் கிழமை என்பதைவிட, தவறாமல் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? பள்ளிக்கு நீங்களே கூட்டிப்போங்கள். வண்டி வேண்டாம், நடந்தே போங்கள், கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். 'செவ்வாய்க்கிழமை அப்பாவோடு நடக்கிற நாள்' என்று பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறு பற்றிய உறுத்தல் தானாகக் குறையும்.

நாள்காட்டி: உங்கள் தினசரி அட்டவணையை அப்படியே பகிர முடியுமா அக்கா?

வேண்டாம். அது என் பசை காயும் நேரத்துக்கும் என் மாமியாரின் மாத்திரை நேரத்துக்கும் ஏற்றபடி அமைந்தது. உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.

காகிதப்பூ: என் மகளுக்கு ஏழு வயது, ஆசையாக வரைவாள். அவள் படங்களை வாழ்த்து அட்டையாக்கி விற்றேன். விற்கிற ஒவ்வோர் அட்டைக்கும் அவளுக்குக் காசு கொடுத்தேன். இப்போது 'எத்தனை வேணும்?' என்று கேட்டுவிட்டு வரைகிறாள், சும்மா வரைவதே இல்லை. ஏன்?

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் கிட்டத்தட்ட இதையேதான் ஆராய்ந்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிடம் 'வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வண்ணப் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

ஆக, காசு கொடுத்தது மட்டும் காரணம் இல்லை. 'இதற்காகத்தான் வரைகிறேன்' என்று அவள் மனதில் பதிந்துவிட்டதுதான் காரணம். அட்டைகளை நிறுத்துங்கள். அவள் வரைவதைத் தொழிலோடு சேர்க்காமல் சில மாதம் விடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து விற்காத படம் ஒன்றை வரையுங்கள். அவள் படத்தைப் பார்த்து 'அழகு' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள், 'இந்த யானைக்கு ஏன் செருப்பு?' என்று கேளுங்கள்.

பிள்ளை தொழிலுக்கு வரவே கூடாது என்று சொல்லவில்லை. வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளரின் மகள் மே மாரிஸ் வீட்டில் பூத்தையலோடு வளர்ந்து, 1885இல் தந்தையின் நிறுவனத்தில் பூத்தையல் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 23. வளர்ந்தபின் வரட்டும்.

இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: வீட்டில் நடப்பதையெல்லாம் சரக்காக்காதீர்கள்.

களிமண்வாசம்: அப்படியானால் இதற்குச் சொல்லுங்கள். பானை வனைகிறோம். பிள்ளைகள் மண்ணில் புரளுவதைக் காணொளியாகப் போட்டால் விற்பனை கூடுகிறது. அதுவும் தப்பா?

உங்கள் சந்தோஷத்தைக் கொஞ்சம் தின்னும் என்றுதான் சொல்வேன். அலிக்ஸாண்ட்ரா பராஷ், கால் ஸாபர்மேன், கிறிஸ்டின் டீல் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தனக்காகப் படம் எடுத்தவர்களைவிடப் பிறரிடம் பகிர்வதற்காக எடுத்தவர்கள் அந்த அனுபவத்தைக் குறைவாகவே ரசித்தார்கள். பார்ப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கவலை நடுவில் வந்துவிடுகிறது. பிள்ளை மண்ணில் புரளுகிறது, நீங்கள் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறீர்கள்.

தறிக்காரன்: அக்கா, மன்னிக்கணும், இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் குடும்பமே தறிதான். பாட்டி தார் சுற்றுகிறாள், அதாவது தறிக்கான நூலைக் குழலில் சுற்றுகிறாள், பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதைக் காட்டாமல் எதைக் காட்டுவது? வாங்குகிறவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். முகமில்லாத பெரிய ஆலையோடு நாங்கள் வேறெதைக் கொண்டு போட்டி போடுவது?

நியாயமான கேள்வி. பாட்டியின் கை வேலையில் இருக்கிறது, அந்த வேலையைக் காட்டுவது உங்கள் உரிமை, அவருக்கும் அது பெருமை. கேமராவையும் நான் குறை சொல்லவில்லை. பராஷ் குழுவினரே 2016இல் வேறோர் ஆய்வில், படம் எடுப்பது பல நேரம் அனுபவத்தில் ஒன்றவைக்கிறது, ரசனையைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். எடுக்கும்போதே ஊரார் கண் மனதில் வந்து உட்காருவதுதான் தொல்லை.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். 'இன்னொரு தடவை அதே மாதிரி சிரி' என்று யாரையாவது கேட்டீர்களா? கேமரா இல்லாதிருந்தாலும் அந்த நேரம் அப்படித்தான் போயிருக்குமா? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்றாலோ இரண்டாவதற்கு 'இல்லை' என்றாலோ, அந்த நேரம் குடும்பத்துக்குச் சேராது, வேலைக் கணக்கில்தான் சேரும். வேலையாகவே செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் 'இன்று பிள்ளையோடு இருந்தேன்' என்று அதையே குடும்பக் கணக்கிலும் எழுதாதீர்கள்.

களிமண்வாசம்: பிள்ளைக்கு அது பிடிக்கும்போது இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

அரசுகளே யோசிக்கத் தொடங்கிவிட்டன. பிரான்ஸ் 2020இல் சட்டம் போட்டது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் காணொளியில் நடித்து ஈட்டும் வருமானத்தில் ஒரு பகுதியை அவர்கள் பெயரில் பாதுகாக்க வேண்டும். தங்கள் காணொளிகளை நீக்கச் சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலும் பிள்ளைகளுக்குப் பங்கு ஒதுக்கும் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இன்று பிடிக்கிறது, சரி. பதினைந்து வயதிலும் பிடிக்குமா என்பதை இன்றைக்கு அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாது.

கடைப்பையன்: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் அப்படி வளர்ந்தவன். பெற்றோர் மரப்பொம்மை செய்வார்கள். விளம்பரப் பலகையில் என் ஐந்து வயதுப் படம். எனக்கு அவமானம் எதுவும் இல்லை, நல்ல பெற்றோர். ஆனால் அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது படம் எடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் ரொம்ப நாள் இருந்தது.

நான் காட்டிய ஆய்வுகளைவிட உங்கள் அனுபவம் கனமானது. சொன்னதற்கு நன்றி தம்பி.

தறிக்காரன்: சரி அக்கா. பாட்டியின் கையைப் போடுவேன், பேரன் முகத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் விற்பனை குறைந்தால் உங்களிடம்தான் வருவேன்.

தாராளமாக வாருங்கள். தார் சுற்றும் கையைக் கிட்டே போய் எடுங்கள், இழை விரலில் ஓடுவது தெரிய வேண்டும். விஷயம் தெரிந்து வாங்குகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

விடியற்காலை: எத்தனை மணிக்கு எழுந்தால் இரண்டையும் சமாளிக்கலாம்?

நேரம் பற்றி இது மூன்றாவது கேள்வி. தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள். தூக்கத்தைக் குறைத்து நேரம் உண்டாக்காதீர்கள், எரிச்சலாக மாறி அது வீட்டில் இருப்பவர்கள் தலையில்தான் விடியும்.

மணிமாலை: நகை வடிவமைக்கிறேன். பெரிய ஆர்டர் கிடைத்தது என்று ஓடிவந்து சொன்னால் என் கணவர் 'சரி' என்கிறார். அத்தோடு முடிந்தது. மனம் விட்டுப்போகிறது.

வருத்தம் புரிகிறது. ஷெல்லி கேபிளும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் எழுதியதைச் சொல்கிறேன். துணை ஒரு நல்ல செய்தி சொல்லும்போது உற்சாகத்தோடு மேலும் கேட்கிறவர்கள் இருக்கும் உறவுகளில் நிறைவும் நெருக்கமும் அதிகமாக இருந்தன. ஒப்புக்குத் தலையாட்டுவது, காதில் விழாத மாதிரி போவது, 'இவ்வளவு வேலையை யார் செய்வது?' என்று குறை காண்பது, மூன்றும் உறவுக்கு நல்லதாக இல்லை.

அவரிடம் நேராகவே சொல்லுங்கள்: 'எனக்கு யோசனை வேண்டாம், ரெண்டு கேள்வி கேளுங்க போதும்.' பல ஆண்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல்தான் 'சரி' வருகிறது. அப்புறம், அவர் கடைசியாகச் சொன்ன நல்ல செய்தி என்ன, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தொழில் நடத்துகிற நமக்கு நம் செய்தி பெரிதாகத் தெரியும். அவருடைய அலுவலகத்தில் நாற்காலி மாற்றிக் கொடுத்தது அவருக்கு அதே அளவு பெரிதாக இருக்கலாம்.

அரைத்தூக்கம்: படுத்தால் ஆர்டர்கள் வரிசையாக வருகின்றன.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை விவரமாக எழுதுங்கள். மைக்கேல் ஸ்கலின் குழுவின் 2018 ஆய்வில் அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். தாளில் எழுதுங்கள், கைப்பேசியில் வேண்டாம்.

ஓய்வில்லை: ஆர்டர் குவிகிறது, வீட்டில் யாரோடும் பேச நேரமில்லை, கையில் காசும் நிற்கவில்லை. அட்டவணை போட்டுத் தருவீர்களா?

உங்களுக்கு அட்டவணை தேவையில்லை, விலையைக் கூட்டுங்கள். ஒரு பொருளுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, பேக்கிங்கும் பேரம் பேசும் நேரமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விலையில் ஏறாத ஒவ்வொரு மணி நேரத்தையும் உங்கள் வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. விலை கூடினால் சிலர் போவார்கள். போகட்டும்.

பழைய படங்கள்: இது தொழில் கேள்வி இல்லை. அப்பாவும் நானும் வீட்டுக்கென்று ஓர் ஆல்பம் கட்டுகிறோம். அட்டை வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே போகிறது. எல்லாரும் நேரத்தைப் பற்றிக் கேட்கும்போது இதைக் கேட்கலாமா?

கேளுங்கள், எனக்கு இதுதான் பிடித்த கேள்வி. வெளியே ஒட்டிய தாள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். அதற்கு முன் இழை ஓடும் திசையைப் பாருங்கள். தாளை மெல்ல வளைத்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் விறைக்கும். எளிதாக வளையும்போது விழும் மடிப்புக்கோடுதான் இழையின் திசை. அட்டை, தாள் எல்லாவற்றிலும் அந்தத் திசை ஆல்பத்தின் முதுகுக்கு, அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டும் பக்கத்துக்கு, இணையாக இருக்க வேண்டும். பசையை மெல்லிசாகத் தடவி, உள்ளே மெழுகுத்தாள் வைத்து, கனமான பலகைக்கு அடியில் ஓர் இரவு முழுக்க விடுங்கள். அப்பாவைப் பசை தடவச் சொல்லுங்கள், நீங்கள் ஓரம் மடியுங்கள். பசை இறுகும் முன் ஓரம் மடிபட வேண்டும், அதற்கு நாலு கை இருந்தால் நல்லது.